குரல் ஒவ்வாமை

பவுனுத்தாய்க்கு அது முதலில் வந்தது செம்பாறைப் பேருந்து நிலையத்தில், உச்சி வெயில் நேரத்தில். கணவன் சன்னாசியின் காரியம் முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தங்கை இந்திராணியோடு டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். ஒலிபெருக்கி கரகரத்துவிட்டு ஓர் ஆண் குரலில் பேசத் தொடங்கியது. பயணிகள் நகைகளையும் பைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும், சந்தேகப்படும்படி யாராவது நடமாடினால் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்று நிதானமாக, கிட்டத்தட்ட அன்பாகவே சொன்னது அந்தக் குரல்.

அறிவிப்பு முடிவதற்குள் பவுனுத்தாய் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள். முன்கைகளில் வட்ட வட்டமாகத் தடிப்புகள் எழுந்தன. கீழுதடு வீங்கி ஒரு பக்கம் தொங்கியது.

"என்னக்கா தின்ன?" என்று பதறினாள் இந்திராணி.

"ஒண்ணும் திங்கலடி" என்று சொல்ல வந்தாள். பாதி வார்த்தை விசில் சத்தமாக வெளியே வந்தது.

ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஊசி போட்டுப் பிழைக்கவைத்தார்கள். பவுனுத்தாய் நூற்பாலையில் வேலை செய்பவள். பஞ்சுத் தூசி பட்டால் அவளுக்கு மூச்சு இரைக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். பழியைத் தூசி மேல் போட்டு அனுப்பிவிட்டார்கள். அதே இடத்தில் மறுபடியும் வந்தபோது பேருந்து நிலையத்து வடையைச் சந்தேகப்பட்டார்கள். அதற்கடுத்த தடவை அவள் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அப்போதுதான் மாவட்டத் தலைநகரில் ஒவ்வாமைப் பிரிவு மருத்துவர் ஷகிலா பானுவிடம் போகச் சொன்னார்கள்.

ஷகிலா பானு பேசுவதைவிட அதிகம் கேட்பவர். பவுனுத்தாயின் கையில் பொட்டுப் பொட்டாகக் குத்திச் சோதித்தார். பஞ்சுத் தூசி வைத்த இடம் மட்டும் சிவந்தது.

"பஸ் ஸ்டாண்டுல பஞ்சுத் தூசி ஏதும்மா? அங்க என்ன பாத்தீங்க, என்ன வாசம் வந்துச்சு, என்ன சத்தம் கேட்டுச்சு, எல்லாத்தையும் சொல்லுங்க."

பவுனுத்தாய்க்கு எதுவும் நினைவில்லை. இந்திராணிதான் டீக்கடையிலிருந்து ஒலிபெருக்கிவரை ஒவ்வொன்றாக ஒப்பித்தாள். அடுத்த முறை வந்தபோது ஷகிலா பானு பேருந்து நிலையத்துச் சத்தங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார். பஸ் ஹாரனைப் போட்டார். பூ விற்கிறவளின் கூவலைப் போட்டார். பவுனுத்தாய் சும்மா உட்கார்ந்திருந்தாள். அறிவிப்பைப் போட்டார். கண் எதிரிலேயே கை தடித்தது.

ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு மருத்துவர் கேட்டார். "யாரோட குரல்மா இது?"

"தெரியாது டாக்டர்" என்றாள் பவுனுத்தாய். கொஞ்ச நேரம் கழித்து, "தெரியும்" என்றாள்.

சன்னாசி மினி லாரி ஓட்டினான். ஒரு பெரிய வீட்டுக்குக் கட்டில் இறக்கிப் போட்டுவிட்டு வந்த மறுநாள், அந்த வீட்டில் நகை காணவில்லை என்று போலீஸ் அவனைக் கூட்டிப்போனது. பவுனுத்தாயை ஆலை வாசலிலேயே பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். நிலையத்துக்குள் நுழையும் முன்பே அவள் கண்ணைப் பழைய திரைத்துணியால் கட்டிவிட்டார்கள். வருடக் கணக்கில் உதறாத துணி. மூக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அடுத்த அறையில் சன்னாசி அலறிக்கொண்டிருந்தான். நடுநடுவே ஒரு குரல் கேட்டது. கத்தாத குரல். கேள்வி கேட்டது, அடிக்கச் சொன்னது, நிறுத்தச் சொன்னது, டீ வாங்கிவரச் சொன்னது.

"எங்க வீட்டுக்காரரு என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு டாக்டர். பவுனு, பவுனுன்னு. தூசியில எனக்குத் தொண்ட அடச்சுப்போச்சு. நான் இங்கதான் இருக்கேன்னு ஒரு சத்தம் குடுக்க முடியல."

சாயங்காலம் அவளை வெளியே விட்டார்கள். சன்னாசி கழிப்பறையில் வழுக்கி விழுந்து இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். அன்றைக்கு நிலையத்தின் கேமரா பழுது. இன்ஸ்பெக்டர் வரதன், தான் பக்கத்து ஊர்த் தேருக்குப் பாதுகாப்புப் பணிக்காகப் போயிருந்ததாகச் சொன்னார். ஆமாம் என்று சொல்ல ஆட்களும் இருந்தார்கள். பேருந்து நிலையத்து அறிவிப்பைப் பேசியவர் இன்ஸ்பெக்டர் வரதன்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் இந்திராணி. "சத்தம் பட்டு எப்படித் தடிக்கும்? அந்த ஆளு குரலு அக்காவுக்குக் கருவாடு மாதிரியா?"

ஷகிலா பானு சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தான். தோலுக்கு அடியில, மூச்சுக் குழாய்ல, சில செல்கள் குந்தியிருக்கும். மாஸ்ட் செல்னு பேரு. உள்ள மருந்தை நிரப்பி வச்ச வெடி மாதிரி. ஒத்துக்காத பொருள் வந்தா வெடிக்கும். அரிப்பு, வீக்கம், இரைப்பு எல்லாம் அதனாலதான். ஆனா இந்த செல்கள் தனியா இல்ல. நரம்பு நுனிக்குப் பக்கத்துலயே ஒட்டி உக்காந்திருக்கும். வெடின்னு நரம்பு சொன்னாலும் வெடிக்கும்."

"நரம்புக்கு யாரு சொல்றது?"

"மூளை. அன்னைக்கு உங்க அக்காவுக்குத் தூசியால நிஜமாவே ஒவ்வாமை வந்திருக்கு. அதே நேரத்துல அந்தக் குரலும் கேட்டிருக்கு. ரெண்டையும் நரம்பு ஒண்ணாக் கட்டி வச்சுக்கிச்சு. இப்பத் தூசி வேண்டாம். குரல் மட்டும் போதும்."

"இதுக்கு மருந்து இருக்கா?" என்று கேட்டாள் பவுனுத்தாய்.

"இருக்கு. கழுத்து நரம்புல ஒரு பட்டை மாட்டி, அதை அமைதிப்படுத்திக்கிட்டே அந்தக் குரலைத் திரும்பத் திரும்பக் கேக்க வைப்போம். கட்டினதை அவிழ்க்கிற மாதிரி. சில மாசத்துல சரியாயிடும்."

அன்றைக்கே தேதி குறித்திருக்கலாம். ஆனால் ஷகிலா பானு அறைக்கு வெளியே போய் யாருக்கோ போன் செய்துவிட்டு வந்தார். "சிகிச்சைக்கு முன்னாடி நீங்க ஒரு வக்கீலைப் பாக்கறது நல்லதும்மா" என்றார்.

வழக்கறிஞர் மாசிலாமணி காவல் நிலைய மரண வழக்குகளை மட்டுமே நடத்துபவர். தோற்றுத் தோற்றுப் பழகியவர். பவுனுத்தாயின் கைத் தடிப்புகளின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார்.

"அம்மா, கண்ணைக் கட்டியிருந்தாங்க, எப்படி அடையாளம் தெரியும்னு கேப்பாங்க. குரலை வச்சுச் சொல்றேன்னா பொய்னு சொல்வாங்க. அழுதா நடிக்கிறான்னு சொல்வாங்க. ஆனா இந்த செல் வெடிச்சா மட்டும் ரத்தத்துல கலக்கிற ஒரு பொருள் இருக்கு. அதை யாராலயும் நடிக்க முடியாது. உடம்பு நினைவைச் சாட்சியா எடுத்துக்கலாம்னு போன வருஷம்தான் சட்டம் வந்திருக்கு. உங்க உடம்பு சொல்லும்மா, அந்த ரூம்ல இருந்தது யாருன்னு."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

மாசிலாமணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "சிகிச்சை எடுத்துக்கக் கூடாது. அலர்ஜி மாத்திரை போடக் கூடாது. சோதனை முடியிற வரைக்கும் இப்படியே இருக்கணும்."

அவள் உடனே சரி என்றாள். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. சன்னாசி கூப்பிட்டபோது கொடுக்க முடியாமல் போன பதிலைக் கொடுக்க ஒரு வழி இருக்கிறதென்றால், அரிப்பெல்லாம் ஒரு பொருட்டா?

வழக்குப் பதிவானது. வரதன் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் அடுத்த வாரமே ஒரு பெண் குரல் பேசத் தொடங்கியது. இந்திராணி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். மாசிலாமணி தலையில் கைவைத்தார்.

"வேணும்னுதான் மாத்தியிருக்காங்க" என்றார். "டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தக் குரலைக் கேக்காமலே இருந்தா நரம்பு மறந்திரும். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். அதுக்குள்ள சோதனை நடக்கணும்."

"மறந்துபோனா நல்லதுதானே சார்?" என்று கேட்டாள் இந்திராணி.

அவர் வழக்குக் கட்டைப் புரட்டினார். பவுனுத்தாய்தான் தங்கையின் கையை அழுத்தினாள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நித்தியகல்யாணி மெதுவாகப் பேசுபவர். நீதிமன்றத்தில் ஒருவரையும் எடுத்தெறிந்து பேசமாட்டார். வாய்தா கேட்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு முறை கட்சிக்காரருக்கு உடல்நலமில்லை. இன்னொரு முறை நிபுணரின் தகுதியில் ஐயம். பிறகு சோதனை செய்யும் கூடத்தின் தகுதியில் ஐயம். அந்தச் சட்டமே செல்லுமா என்று மேல் நீதிமன்றத்தில் ஒரு மனு. ஒவ்வொரு வாய்தாவும் நியாயமாகவே இருந்தது. பவுனுத்தாயின் நரம்பு அந்தக் குரலை மறக்கும்வரை காத்திருந்தால் போதும் என்று நித்தியகல்யாணிக்குத் தெரியும். மாசிலாமணிக்கும் தெரியும்.

அதனால் அவர் ஷகிலா பானுவிடம் போனார். நரம்பு மறக்காமல் இருக்க எப்போதாவது அந்தக் குரலைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டார்.

"கேக்கவே எனக்குச் சங்கடமா இருக்கு" என்றார் மருத்துவர். "நான் குணப்படுத்த வேண்டிய நோய்க்கு உரம் போடச் சொல்றீங்க."

"அவங்களே சம்மதிச்சிருக்காங்க டாக்டர்."

"எப்பவாவது ஒரு தடவை. ஊசி கையில இருக்கணும். அதுக்கு மேல வேண்டாம். நரம்பு நாம நினைக்கிறதை மட்டும் கத்துக்காது."

மாசிலாமணியின் அலுவலக மாடியில் அதற்கென்று ஓர் அறை. பவுனுத்தாய்க்கு நல்ல நாற்காலியாகப் போடுவார். மின்விசிறியை அவரே திருப்பி வைப்பார். இந்திராணி அவசர மருந்தேற்றும் ஊசிப் பேனாவோடு பக்கத்தில் நிற்பாள். "தயாராம்மா? ஒரே நிமிஷம்தான்" என்று கனிவாகக் கேட்டுவிட்டு, பதிவைப் போடுவார். தடிப்பு எழும். படம் எடுப்பார். உடனே நிறுத்துவார். அவள் இரைத்துக்கொண்டிருக்கும்போது முதுகைத் தடவிக்கொடுக்கக் கையை நீட்டி, பிறகு சங்கடப்பட்டு இழுத்துக்கொள்வார்.

எப்போதாவது என்பது அப்படியே நிற்கவில்லை. சோதனைக்குத் தேதி கிடைத்துவிடும் போலிருக்கும்போதெல்லாம் அவருக்குப் பயம் வந்துவிடும். இந்த முறை தடிப்பு கொஞ்சம் குறைவோ என்று தோன்றும். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார். பிறகு வாய்தா விழும். மறுபடியும் முதலிலிருந்து.

இதற்கிடையில் ஆலையில் அவளை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். மாத்திரை இல்லாமல் பஞ்சுத் தூசியைத் தாங்க முடியவில்லை. வீட்டில் இட்லிக் கடை போட்டாள். கைத் தடிப்பைப் பார்த்துவிட்டுத் தொற்றுநோய் என்று பேசிக்கொண்டார்கள். கடைக்கு ஆள் வரவில்லை. கல்யாண வீடுகளில் அவளைப் பந்தியில் தனியாக உட்காரவைத்தார்கள். சன்னாசி செத்ததைவிட அவள் சொறிவதுதான் ஊரில் பேச்சாயிற்று.

ஒரு நாள் அந்த மாடி அறையில் ஊசி போட்டும் மூச்சு திரும்பவில்லை. இரண்டாவது ஊசி போட்டார்கள். ஆம்புலன்ஸில் போகும்போது அவள் நகங்கள் நீலமாகியிருந்தன. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் இந்திராணி மாசிலாமணியின் சட்டையைப் பிடித்தாள்.

"அவனுக எங்க மாமாவக் கொன்னானுக. நீங்க அக்காவ மிச்சம் வைக்காமக் கொன்னுட்டுத்தான் கேஸ ஜெயிப்பீங்களா? நல்லா இருப்பீங்களா சார்?"

அவர் சட்டையை விடுவித்துக்கொள்ளவில்லை. "நிறுத்திரலாம்மா. டாக்டர்கிட்டச் சொல்லி நாளைக்கே சிகிச்சை ஆரம்பிக்கச் சொல்றேன். சத்தியமா" என்றார்.

நிறுத்த வேண்டாம் என்றவள் பவுனுத்தாய்தான். தொண்டையிலிருந்து குழாயை எடுத்த பிறகு முதலில் சொன்னது அதைத்தான். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. இப்ப விட்டா அவன் ஜெயிச்சான்னு ஆயிரும். நான் தாங்குவேன் சார்."

அவளை அப்படிச் சொல்லவைத்தது சன்னாசி மட்டுமல்ல. மாசிலாமணி ஒருவர்தான் இத்தனை வருடங்களில் அவளைத் தள்ளி உட்காரவைக்காதவர். அவர் தோற்றுப்போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் மேல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சோதனைக்குத் தேதி விழுந்தது. ஒரு நாளைக்கு ஒரு குரலாக, பல குரல்களில் ஒரே வாக்கியத்தைப் பவுனுத்தாய்க்குப் போட்டுக் காட்டுவார்கள். எது யாருடையது என்று அவளுக்குச் சொல்லமாட்டார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தம் எடுப்பார்கள்.

விவரங்களை முடிவு செய்த நாளில் நித்தியகல்யாணி எழுந்து ஒரு வேண்டுகோள் வைத்தார். "குரல்களில் ஒன்று, சாட்சிக்கு நன்கு பழகிய, அவர் நம்புகிற ஓர் ஆணுடையதாக இருக்க வேண்டும். அப்போதுதான் வேறுபாடு தெளிவாகும்."

மாசிலாமணி உற்சாகமாக எழுந்தார். "ஆட்சேபணையே இல்லை. என் குரலையே சேர்த்துக்கொள்ளலாம்."

செய்தி கேள்விப்பட்ட ஷகிலா பானு அன்று மாலையே போன் செய்தார். "உங்க குரலையா? ஏன் சம்மதிச்சீங்க?"

"இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்குமா டாக்டர்? என் குரலுக்கு ஒண்ணும் வராது, அவன் குரலுக்கு வரும். பளிச்சுன்னு தெரியும்."

"அந்தப் பதிவை மொத்தமா எத்தனை தடவை போட்டிருப்பீங்க?"

மாசிலாமணி விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் அதுக்கு முன்னாடி பேசினது யாரு?" என்று கேட்டார் மருத்துவர்.

மாசிலாமணி போனை வைத்துவிட்டார். மறுநாள் தன் சம்மதத்தைத் திரும்பப் பெறப் போனார். தானே முன்வந்து ஒப்புக்கொண்டதை இப்போது மறுப்பதற்குக் காரணம் கேட்டார் நீதிபதி. உண்மைக் காரணத்தைச் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்துவிடும். "காரணம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சோதனைக் கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு ஒரு பக்கம் பவுனுத்தாய். மறுபக்கம் நீதிபதி நியமித்த அதிகாரியும் இரு தரப்பு வழக்கறிஞர்களும். முதல் நாள் யாரோ ஒரு முதியவரின் குரல். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு நாள் வரதனின் குரல் வந்தது. "வண்டியைச் சாலையோரமாக நிறுத்துங்கள்" என்ற அந்தச் சாதாரண வாக்கியம் முடியும் முன்பே அவள் கழுத்தில் தடிப்புகள் எழுந்தன. நித்தியகல்யாணி எதையோ குறித்துக்கொண்டார். மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். அந்த ஒரு மாலை நேரம் அவருக்கு நம்பிக்கை இருந்தது.

மறுநாள் ஒலித்தது அவருடைய குரல்.

பவுனுத்தாய் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது. நம்ம சார் குரல்தானே என்பதுபோல் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே காது மடல் சிவந்தது. கன்னம் தடித்தது. என்ன நடக்கிறதென்று புரியாமல் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு வீங்கிய பிறகும் அந்தச் சிரிப்பின் மிச்சம் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மூச்சுக்குத் திணறத் தொடங்கியபோது மாசிலாமணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். "அம்மா, ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றார். அவர் பேசப் பேச அவள் நிலைமை மோசமானது. செவிலி அவரைப் பிடித்து வெளியே தள்ளினாள்.

ரத்தத்தில் அந்தப் பொருள் கலந்திருந்த அளவு பிறகு வந்தது. வரதனின் குரலைவிட மாசிலாமணியின் குரலுக்கு அதிகம்.

நித்தியகல்யாணி நீதிமன்றத்தில் குரலை உயர்த்தாமலே பேசினார். "இந்தப் பெண் துன்பப்பட்டிருக்கிறார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த உடம்பு குற்றவாளியைக் காட்டவில்லை. யாரைக் கேட்டுத் துன்பப்பட்டதோ அவர்களையெல்லாம் காட்டுகிறது. உடம்பின் சாட்சியத்தை அப்படியே ஏற்பதென்றால், சன்னாசியைக் கொன்ற அறையில் என் நண்பர் மாசிலாமணியும் இருந்ததாக ஏற்க வேண்டும்."

நீதிமன்றத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஐயத்தின் பலனைக் கொடுத்து வரதனை விடுவித்தார்கள். அவர் பவுனுத்தாயைக் கடந்து போகும்போது வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்று அவருடைய வழக்கறிஞர் சொல்லியிருக்க வேண்டும்.

சில நாட்கள் கழித்து அக்காவும் தங்கையும் ஷகிலா பானுவிடம் போனார்கள்.

"இப்ப யாரும் தடுக்க முடியாது" என்றார் மருத்துவர். "ரெண்டு குரலுக்கும் சேத்தே சிகிச்சை குடுத்திடலாம். முதல்ல வரதன்."

"வேணாம் டாக்டர். வக்கீல் சாரோடது மட்டும் எடுத்துருங்க."

"மட்டும்னா? அவனோடது?"

"அது இருக்கட்டும்."

இந்திராணி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாக்கா? கேஸே முடிஞ்சுபோச்சு. இன்னும் எவனுக்குச் சாட்சி சொல்லப் போற?"

"அப்பீல் போறீங்களா?" என்று கேட்டார் மருத்துவர். "வக்கீல் குரலை எடுத்துட்டு மறுபடி சோதனை கேக்கலாம்னு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. கேஸ் எனக்குப் போதும்." பவுனுத்தாய் முந்தானையால் கையை மூடிக்கொண்டாள். "அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அந்த ரூமுச் சுவத்துக்குத் தெரியும், என் ஒடம்புக்குத் தெரியும். போன மாசம் ஸ்டேஷனுக்கு வெள்ளையடிச்சுட்டாங்களாம். இதையும் அழிச்சுட்டா, அவரு நெசமாவே கக்கூஸுல வழுக்கித்தான் விழுந்தாருன்னு ஆயிரும் டாக்டர்."

"அவன் குரல் எங்கயாவது கேட்டா நீங்க செத்துப்போகலாம்மா."

"கேக்காத எடமாப் பாத்து இருந்துக்கிறேன். வக்கீல் சாரு அப்படியா? நாளைக்கு வீட்டுக்கு வருவாரு. வாங்கன்னு சொல்லணும். ஒக்கார வச்சு ஒரு காப்பி குடுக்கணும். அவரப் பாத்து என் ஒடம்பு தடிச்சா அந்த மனுசன் செத்துருவாரு."

ஷகிலா பானு நெடுநேரம் வாதாடினார். பிறகு ஒப்புக்கொண்டார். பட்டையைக் கழுத்தில் மாட்டும் முன் ஒன்று சொன்னார். "குரலோட ஒட்டியிருக்கிற பயம் போயிரும். அதோட வேற என்னென்ன ஒட்டியிருக்கோ, அதுல எது போகும், எது தங்கும்னு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியாது. நரம்பை அமைதிப்படுத்துறோம். அவ்வளவுதான். அது நல்லது கெட்டதுன்னு பிரிச்சுப் பாக்காது."

"சரி" என்றாள் பவுனுத்தாய். அவளுக்கு அதுவும் பெரிய விஷயமாகப் படவில்லை.

சிகிச்சை முடிந்தது. மாசிலாமணி அதுவரை அவள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போனில்கூடப் பேசாமல், இந்திராணிக்குச் செய்தி எழுதி விசாரித்துக்கொண்டிருந்தார். வரலாம் என்று மருத்துவர் சொன்ன பிறகு ஒரு காலையில் வந்தார். வாசலில் நின்றுகொண்டு பேசத் தயங்கினார். இந்திராணி இடுப்பில் ஊசிப் பேனாவைச் செருகிக்கொண்டு நின்றாள்.

"நல்லா இருக்கீங்களாம்மா?" என்றார், மிக மெதுவாக.

மூன்று பேரும் பவுனுத்தாயின் கைகளைப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. தோல் தோலாகவே இருந்தது.

"வாங்க சார், ஒக்காருங்க" என்றாள் பவுனுத்தாய்.

அவர் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பிறகு பேசத் தொடங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு உடைந்து, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே பேசினார். பவுனுத்தாய் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தாடி நரைத்திருந்தது. சட்டைப் பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. எல்லாம் தெரிந்தது. குரல் மட்டும் நாலு வீடு தள்ளி ஓடும் டிவிச் சத்தம் போலக் காதில் வந்து விழுந்து, நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து கும்பிட்டபோது அவளும் எழுந்து கும்பிட்டாள்.

அவர் தெருமுனை திரும்பியதும் இந்திராணி உள்ளே வந்தாள். "மனுசன் அம்புட்டு அழுதாரேக்கா. நீ பாட்டுக்குக் கல்லு மாதிரி ஒக்காந்திருந்த? ஒரு வார்த்த ஆறுதலாச் சொல்ல மாட்டியா?"

"கேட்டுக்கிட்டுத்தான்டி இருந்தேன்."

"என்ன சொன்னாருன்னு சொல்லு பாப்போம்."

பவுனுத்தாய் யோசித்தாள். அவர் உதடு அசைந்தது நினைவிருந்தது. துண்டின் கரை நினைவிருந்தது. ஒரு வார்த்தைகூட மனசில் தங்கியிருக்கவில்லை. தேடத் தேட, உள்ளேயிருந்து எழுந்து வந்தது வேறொரு குரல்தான். நிதானமாக, கத்தாமல், டீ வாங்கிவரச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள் முன்கையைச் சொறிந்துகொண்டாள்.

"தெரியல இந்து. நீ சொல்லேன். என்ன சொன்னாரு?"

இந்திராணி சொறிந்துகொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு காப்பி டம்ளரை ஓரமாக வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து தன் குரலில் சொல்லத் தொடங்கினாள். அவர் மன்னிப்புக் கேட்ட இடம் வந்தபோதுதான் பவுனுத்தாய் அழுதாள்.